இடது காது எங்களுடையது

மயிலாப்பூர் மாடவீதிக்குப் பின்னால், மெட்ரோ வேலைக்காக வைத்த தகரத் தடுப்பை ஒட்டி ஒரு சின்ன அம்மன் கோயில் இருக்கிறது. தடுப்பு வந்த பிறகு அந்தக் கோயிலுக்கு வழி கண்டுபிடிப்பதே ஒரு வேண்டுதல் மாதிரி ஆகிவிட்டது.

அந்தக் கோயில் வாசலில் ஒரு காலை வேளையில் கையில் சீர்த்தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். தட்டில் வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, கதம்பம், ரோஸ் நிறத்தில் ஒரு கவுன். நடுவில் சின்னச் சிவப்புப் பெட்டியில் ஒரு ஜோடிக் கம்மல்.

செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தால் எதிரே இக்பால் பாய். எங்கள் ஆபீஸில் ஸ்பேர் பார்ட்ஸ் ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவர். வெள்ளை ஜிப்பா, கமகமவென்று அத்தர். அவர் கையிலும் ஒரு தட்டு.

"என்ன பாய், இந்தப் பக்கம்?"

"அதை நான் கேக்கணும் சார். நீங்க பல் டாக்டர்கிட்ட போறதா சொன்னீங்களே?"

"நீங்க சொந்தக்காரங்க நிக்காஹ்னு சொன்னீங்க."

இருவரும் ஒருவர் தட்டை ஒருவர் பார்த்தோம். அவர் தட்டிலும் ஒரு சிவப்புப் பெட்டி இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு பைக் வந்து நின்றது. டில்லி. எங்கள் மெக்கானிக், சிந்தாதிரிப்பேட்டைக்காரர். அடையாறில் ஒரு லிஃப்ட் மக்கர் பண்ணுகிறது என்று முந்தின நாளே என்னிடம் சொல்லிவைத்தவர். பெட்ரோல் டாங்க் மேல் ஒரு தாம்பாளத்தைத் துண்டால் கட்டி வைத்திருந்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் எங்களைப் பார்த்தார்.

"இன்னா சார், ரெண்டு பேரும் இங்க கீறீங்கோ? அப்ப ஆபீஸ்ல யாரு கீறாங்கோ?"

"வாட்ச்மேன்" என்றேன்.

லிஃப்டுக்குள் ஒரு குரல்

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு எங்கள் ஆபீஸைத் தெரியும். இந்த வாரம்தான் முதல்முறை என்றால், உங்களுக்காக இரண்டு வரி. ஆழ்வார்பேட்டையில் ஒரு பழைய கட்டடத்தின் தரைத்தளத்தில், அடுக்குமாடி வீடுகளின் லிஃப்டுகளைப் பராமரிக்கிற சின்னக் கம்பெனி அது. எங்கள் கட்டடத்திலேயே லிஃப்ட் கிடையாது என்பதை வருகிறவர்கள் எல்லாம் புதிதாகக் கண்டுபிடித்துச் சிரிப்பார்கள். நாங்களும் மரியாதைக்குச் சிரித்து வைப்போம்.

வேறொரு தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற பிறகு, வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் என் மனைவி வசந்தா என்னையும் சேர்த்து ஒட்டடை அடித்துவிடுவாள் என்ற பயத்தில் அங்கே சூப்பர்வைசராகச் சேர்ந்தவன் நான்.

அந்த ஆபீஸில் போன் எடுப்பவள் தேன்மொழி. லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால், உள்ளே ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்துக் கூப்பிடுவார்கள். மெக்கானிக் போய்ச் சேர்ந்து கதவைத் திறக்கிற வரைக்கும் அவர்களோடு பேசிக்கொண்டிருப்பது அவள் வேலை. "ஆள் வருகிறார், காத்திருக்கவும்" என்று சொல்லி வைத்துவிடலாம். அவளுக்கு முன்னால் இருந்தவர்கள் அப்படித்தான் வைத்தார்கள்.

இவள் விடமாட்டாள். கதவு திறக்கிற சத்தம் காதில் விழுகிற வரைக்கும் லைனை விடக்கூடாது என்று தனக்குத் தானே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தாள்.

ஒரு நாள் தி. நகரில் ஒருவர் மாட்டிக்கொண்டு, மூச்சு முட்டுகிறது, செத்துவிடுவேன் என்று கத்தினார். இவள் சாவகாசமாகக் கேட்டாள்.

"அண்ணா, வீட்ல இன்னைக்கு என்ன சமையல்?"

"என்னம்மா கேக்கறே நீ! வத்தக்குழம்பு!"

"தொட்டுக்க அப்பளமா, வடாமாண்ணா?"

அதைப் பற்றி இருவரும் தீர விவாதித்து முடிப்பதற்குள் கதவு திறந்துவிட்டது. வெளியே வந்தவர் மறுநாள் ஆபீஸைத் தேடி வந்து ஒரு டப்பா வடாம் கொடுத்துவிட்டுப் போனார். நாங்கள் எல்லோரும் பங்கு போட்டுக்கொண்டோம். பொரித்தால் நன்றாகவே இருந்தது.

இதற்கு நடுவில் எங்கள் முதலாளிக்கு, ஊழியர்களுக்குள் நெருக்கம் போதவில்லை என்று யாரோ சொல்லிவிட்டார்கள். தி. நகரில் ஒரு ஹோட்டல் ஹாலுக்கு எல்லோரையும் கூட்டிப்போய் வட்டமாக நிற்க வைத்தார்கள். பயிற்சி கொடுக்க வந்த பையன் ஒரு கம்பளி நூல் உருண்டையைக் கையில் கொடுத்து, பக்கத்தில் இருப்பவரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லி, நூலைப் பிடித்துக்கொண்டு உருண்டையை வீசச் சொன்னான். அரை மணியில் டில்லி காலில் நூல் சுற்றி, கத்தரிக்கோல் வாங்கிவர ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று. ஆனால் மதியச் சாப்பாடு பிரமாதம்.

அண்ணன் இடம் காலி

தேன்மொழி வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என்னை "அண்ணா" என்று கூப்பிட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

"ஏம்மா, எனக்கு உங்க அப்பா வயசு இருக்கும்."

"அப்பா சைதாப்பேட்டைல இருக்காருண்ணா. பேச மாட்டாரு. அதனால அந்த இடத்தை யாருக்கும் குடுக்க முடியாது. அண்ணன் இடம்தான் காலியா இருக்கு."

இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கதை எல்லோருக்கும் பிறகு தெரிந்தது. வேறு சாதிப் பையனான சுரேஷைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டாள். அன்றோடு அப்பா வீட்டுக் கதவு மூடிக்கொண்டது. அம்மாவும், தி. நகரில் ஒரு மொபைல் கடையில் வேலை பார்க்கிற கார்த்தி என்று ஒரு தம்பியும் உண்டு. அவர்களும் அப்பாவுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டார்கள். சைதாப்பேட்டை என்ன சீமையிலா இருக்கிறது? ஆபீஸ் வாசலில் பஸ் ஏறினால் சட்டென்று போய்விடலாம். அப்படிப் பக்கத்தில் இருந்ததுதான் அவளுக்குக் கஷ்டம்.

அண்ணன் இடத்துக்கு நான் மட்டும் இல்லை. இக்பால் பாயும் அண்ணன், டில்லியும் அண்ணன். மத்தியானம் அவள் டப்பாவில் என்ன இருந்தாலும் மூன்று பங்காகப் பிரிந்து எங்கள் மேஜைகளுக்கு வந்துவிடும். பதிலுக்கு ரம்ஜான் மாதம் முழுக்க பாய் வீட்டு நோன்புக் கஞ்சி தூக்குவாளியில் அவள் வீட்டுக்குப் போகும். டில்லி அவள் வீட்டு மிக்ஸி, ஃபேன், சைக்கிள் எல்லாவற்றுக்கும் மெக்கானிக். நான் என்ன செய்தேன் என்று கேட்டால், அவளுக்கு நிறைய அறிவுரை சொன்னேன். அவளும் அதையெல்லாம் கேட்டுக்கொண்டு தனக்குத் தோன்றியதைச் செய்வாள்.

அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. யாழினி. வயது ஒன்று நிறையப்போகிற சமயத்தில் காது குத்த வேண்டும் என்ற பேச்சு வந்தது.

சுரேஷின் அம்மா நல்ல மனுஷி. மருமகளை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் மனசு கேட்கவில்லை. காது குத்தென்றால் தாய்மாமன் மடி வேண்டும். மாமன் மடியில் உட்காரவைத்து, மாமன் வாங்கிவந்த கம்மலைப் போடவேண்டும்.

"எனக்கு ஒண்ணுமில்ல கண்ணு. வர்ற சனம்தான் கேக்கும். பொண்ணு பக்கம் நாதியே இல்லையான்னு கேக்கும். உன் காதுல அது விழக்கூடாது" என்று சொல்லியிருக்கிறார்.

மூன்று பேர் ஓடியது

அடுத்த நாள் தேன்மொழி என் மேஜைக்கு வந்தாள். டீ கிளாஸை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"அண்ணா, அடுத்த மாசம் மயிலாப்பூர் அம்மன் கோயில்ல பாப்பாவுக்குக் காது குத்தறோம். தம்பி வரமாட்டான். நீங்க வந்து மடியில வெச்சுக்கறீங்களாண்ணா?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? கம்ப்யூட்டரைப் பார்த்தபடி "பார்க்கலாம்மா" என்றேன். உள்ளே பொங்கிய சந்தோஷத்தை அவளுக்குக் காட்டிக்கொள்ளக்கூடாது என்று, இல்லாத ஒரு ஈமெயிலைத் தேட ஆரம்பித்தேன். அவள் போய்விட்டாள்.

பிறகு விசாரித்ததில் தெரிந்தது. நான் இல்லாவிட்டால் போகட்டும் என்று ஸ்டோருக்குப் போய் பாயிடம் கேட்டிருக்கிறாள். பாய் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஏற்கெனவே அடுக்கி வைத்திருந்த பேரிங்குகளை மறுபடி அடுக்க ஆரம்பித்துவிட்டார். மூன்றாவதாக டில்லி. அவர் "பாக்கலாம் தங்கச்சி" என்று சொல்லி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, போகவேண்டிய இடமே இல்லாமல் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

எங்களைப் போன்ற ஆண்பிள்ளைகளின் லட்சணம் இது. வேண்டாம் என்றால் வாய் நிறையக் காரணம் சொல்லத் தெரியும். ஆசையாக இருக்கிறது, ஆகட்டும் என்று சொல்ல மட்டும் வாய் வராது. வேலையில் மூழ்கியதுபோல் ஒரு பாவனை, அவ்வளவுதான்.

அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? மூன்று அண்ணன்களும் நழுவிவிட்டார்கள் என்றுதான் நினைத்தாள். வீட்டுக்குப் போய் மாமியாரிடம், "யாரும் இல்ல அத்தை. நானே மடியில வெச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, பாத்திரம் தேய்க்கிற சாக்கில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறாள்.

நாங்கள் மூன்று பேரும் இது எதுவும் தெரியாமல், தன்னிடம் மட்டும்தான் கேட்டிருக்கிறாள் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டிருந்தோம். மற்றவர்களுக்குத் தெரிந்தால் மனசு சங்கடப்படுமே என்று ஒருவருக்கொருவர் மறைத்தோம். பல் வலி, நிக்காஹ், அடையாறு லிஃப்ட் எல்லாம் அப்படிப் பிறந்த பொய்கள்.

என் மடிக்கு ஒரு ஆசை

இங்கே என் சொந்தக் கதை கொஞ்சம்.

நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. அக்கா, தங்கை யாரும் கிடையாது. நம் ஊரில் ஒரு மனிதன் எதுவாக வேண்டுமானாலும் ஆகலாம். மேனேஜர் ஆகலாம், அபார்ட்மெண்ட் செக்ரட்டரிகூட ஆகலாம். உடன்பிறந்தவள் இல்லாதவன் தாய்மாமன் மட்டும் ஆகமுடியாது.

என் இரண்டு பையன்களுக்கும் காது குத்தியபோது என் மைத்துனர் பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு நடுக்கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எல்லா போட்டோவிலும் அவர்தான் இருக்கிறார். பெற்ற அப்பனாகிய நான் பந்தியில் சாம்பார் வாளியோடு திரிந்தேன். ஒரே ஒரு போட்டோவில் என் முழங்கை தெரியும். வசந்தா இன்றைக்கும் அதைக் காட்டி, "இதோ உங்கப்பா" என்று பையன்களிடம் கேலி செய்வாள்.

அதனால் தேன்மொழி கேட்ட அன்று சாயங்காலம் நான் வசந்தாவிடம் விஷயத்தைச் சொன்னபோது என் குரலே சரியில்லை.

"மடியில வெச்சுக்கச் சொல்லுதா?" வசந்தா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கீழ உக்காந்தா எந்திரிப்பீங்களா?"

"அதெல்லாம் எந்திரிப்பேன்."

"எங்க, உக்காந்து காட்டுங்க."

உட்கார்ந்தேன். எழுந்திருக்கும்போது சோபாவைப் பிடித்துக்கொண்டேன். அவள் பார்க்காததுபோல் இருந்துவிட்டு, மறுநாளே பாண்டி பஜாருக்குக் கிளம்பினாள். கவுனும் கம்மலும் அவள் தேர்ந்தெடுத்ததுதான். விழாவுக்கு முந்தின இரண்டு வாரமும் தினமும் காலையில் என்னைச் சம்மணம் போட்டு உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தாள். மடியில் குழந்தைக்குப் பதிலாக அரிசிப் பை.

இடது காது

கோயில் வாசலுக்குத் திரும்புவோம். நாங்கள் மூன்று பேரும் தட்டும் கையுமாக உள்ளே போனோம்.

வேப்பமரத்தடியில் ஜமுக்காளம் விரித்திருந்தது. காது குத்துகிற பத்தர் சின்னப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுரேஷ் பக்கத்துச் சொந்தக்காரர்கள் சுற்றி நின்றார்கள். தேன்மொழி, மாம்பழ நிறப் புடவையில், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜமுக்காளத்தில் உட்காரப்போனவள் எங்களைப் பார்த்து அப்படியே நின்றாள்.

தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, வாய் சிரிக்கிறது.

"மூணு பேரும் ஓடிப்போனீங்களேண்ணா!"

"ஓடலம்மா" என்றார் இக்பால் பாய். "கடைக்குப் போனோம்."

சுரேஷின் அம்மாதான் முதலில் சிரித்தார். "ஏம்மா, மாமனே இல்லன்னு மூக்கைச் சிந்துனியே? மாமன் மூணு வந்து நிக்குது. குழந்தைதான் ஒண்ணு இருக்கு. இப்ப என்ன பண்றது?"

அந்தப் பிரச்சினையைப் பத்தர் தீர்த்தார். மூன்று பெட்டிகளையும் திறந்து பார்த்தார். என்னுடையதைத் தூக்கி, "திருகு தடிமனா இருக்கு, குழந்தைக் காது தாங்காது" என்று வைத்துவிட்டார். டில்லியின் பெட்டியில் இருந்தது ஜிமிக்கி. அதைப் பார்த்து அவர், "இதைக் கல்யாணத்துக்கு எடுத்து வைங்க" என்றார். பாயின் பெட்டியில் கடுகளவு சிவப்புக் கல். "இதான் சரி."

"அப்ப கம்மல் பாயிது. மடி சார்து. சார்தான் பெரியவரு" என்று டில்லி தீர்ப்பு சொன்னார். "காலை நான் புட்ச்சிக்கிறேன். இது வுதைக்கிற வுதையைப் பார்த்தா கால் புடிக்க ஒரு ஆளு வேணும்."

உட்கார்ந்தேன். குழந்தையை மடியில் வைத்தார்கள். தலை உச்சியில் ரப்பர் பேண்ட் போட்டு நட்டுவைத்த தென்னங்கன்று மாதிரி ஒரு குடுமி. பவுடரும் பாலும் கலந்த வாசனை. என் சட்டைப் பித்தானைப் பிடித்துத் திருக ஆரம்பித்தாள். அந்த நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. அரிசிப் பைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பெண் குழந்தைக்கு இடது காதுதான் முதலில். பாய் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஏதோ உருதுத் தாலாட்டு பாடினார். பத்தர் சந்தனப் பொட்டு வைத்து, கண் மூடித் திறப்பதற்குள் குத்திவிட்டார். சிவப்புக் கல் ஏறியது. அதற்குப் பிறகு எழுந்த அலறலில் வேப்பமரத்துக் காக்காய் அத்தனையும் பறந்தன.

சரியாக அப்போதுதான் என் சட்டைப் பையில் போன் அடித்தது.

அடையாறு அக்கா

ஆபீஸ் எண்ணை என் மொபைலுக்கு மாற்றிவிட்டு வந்திருந்தேன் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். அடையாறில் ஓர் அடுக்குமாடி. இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே காய்கறிப் பையோடு ஒரு பெண்மணி. டில்லி சொன்ன பொய் பலித்துவிட்டது.

"எந்த பில்டிங்? எந்த பிளாக்?" என்று நான் கேட்ட தோரணையில் அந்த அம்மா இன்னும் பயந்துபோய் அழத் தொடங்கினார்.

தேன்மொழி கை நீட்டினாள். "குடுங்கண்ணா." ஸ்பீக்கரைப் போட்டாள். "அக்கா, நான் தேன்மொழி பேசறேன். ஃபேன் ஓடுதா பாருங்க. ஓடுதுல்ல? அப்ப ஒண்ணும் பயமில்ல. ஆள் வந்துக்கிட்டே இருக்காரு." அதற்குள் டில்லி தன் போனில், அடையாறு பக்கம் டூட்டியில் இருந்த இன்னொரு மெக்கானிக்கைப் பிடித்துக் கிளப்பிவிட்டார்.

"ஏம்மா, பின்னாடி என்ன குழந்தை இந்தக் கத்து கத்துது?"

"என் பொண்ணுதான்க்கா. காது குத்திக்கிட்டு இருக்கோம்."

அந்தப் பக்கம் அழுகை சட்டென்று நின்றது. "ஐயையோ, இப்பவா? ஒரு காதா, ரெண்டு காதா?"

"ஒண்ணு ஆச்சு. ஒண்ணு பாக்கி."

"எனக்காக நிறுத்தாதேம்மா. சூட்டோட சூடா அடுத்ததையும் குத்திடு. விட்டா அப்புறம் கிட்டவே வர விடாது. வாழைப்பழம் வெச்சிருக்கியா?"

பத்தரும் அதையேதான் சொன்னார். ஆனால் குழந்தை அம்மாவிடம் தாவுகிறது. அம்மாவோ, கதவு திறக்கிற வரைக்கும் லைனை விடமாட்டாள். இடுப்பில் குழந்தை, கையில் போன், அந்த அம்மாவின் பையில் இருக்கிற முருங்கைக்காய் பற்றிய விசாரணை. வேறு வழியில்லாமல் எல்லோரும் காத்திருந்தோம். நான் மட்டும் மடியைக் காலியாக வைத்துக்கொண்டு ஜமுக்காளத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்தால் மறுபடி உட்காருவது கஷ்டம்.

அந்த இடைவேளையில்தான் தகரத் தடுப்பைச் சுற்றிக்கொண்டு ஒரு பையன் ஓடிவந்தான். மொபைல் கடைக்காரர்கள் போடுகிற நீல டி-ஷர்ட். மூச்சு வாங்கியது. வேப்பமரத்துக்குப் பக்கத்தில் வந்ததும் அதற்கு மேல் கால் வராமல் நின்றான்.

தேன்மொழி பேச்சை நிறுத்தினாள். முருங்கைக்காய் பாதியில் நின்றது.

"அக்கா... ஒரு நிமிஷம்க்கா" என்று போனில் சொன்னாள். குரல் உடைந்துவிட்டது. "என் தம்பி வந்திருக்கான்."

லிஃப்டில் இருந்த அம்மாவுக்கு எதுவும் தெரியாது. ஆனால் அந்தக் குரல் அவருக்கும் கேட்டிருக்கிறது. "போம்மா, போய் அவனைக் கவனி. நான் எங்க போயிடப்போறேன், இங்கதான் நிக்கிறேன்" என்றார்.

அத்தனை வருஷத்துக்குப் பிறகு தேன்மொழி தம்பியிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"சாப்பிட்டியாடா?"

"இல்லக்கா." கார்த்தி பேன்ட் பையிலிருந்து மஞ்சள் தோய்த்த ஒரு சின்னத் துணி முடிச்சை எடுத்தான். "அப்பாவுக்குத் தெரியாது. அம்மா குடுத்துவிட்டுச்சு. நீ சின்னதுல போட்டுக்கிட்டு இருந்ததாம்."

வெள்ளைக் கல் கம்மல் ஒரு ஜோடி. ஒரு கல் கொஞ்சம் மங்கியிருந்தது.

எல்லோருடைய பார்வையும் மெதுவாக என் மடிக்கு வந்தது. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு எழுந்திருக்க மனசு வரவில்லை. ஆயுள் முழுக்க ஆசைப்பட்டு ஒரு காது வரைக்கும் வந்தாயிற்று, இன்னொன்றும் ஆகிவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றியது. அப்புறம் அந்தப் பையன் நின்ற நிலையைப் பார்த்தேன்.

"வாப்பா கார்த்தி" என்றேன். "உன் இடம் இது."

எழுந்திருக்கப் பார்த்தேன். முட்டி ஒத்துழைக்கவில்லை. கார்த்தி ஓடிவந்து கை கொடுத்தான். பாதி தூக்கிவிட்டு, குனிந்து என் காதருகே, "சார், நீங்களும் பக்கத்துலயே உக்காருங்க. எனக்கு குழந்தையைப் புடிக்கத் தெரியாது" என்றான்.

அப்படியே திரும்ப உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பேரும் தொடையோடு தொடை ஒட்டி உட்கார்ந்தோம். குழந்தை அவன் மடியில், அவள் தலை என் கையில். டில்லி காலைப் பிடித்தார், பாய் கையைப் பிடித்தார். லிஃப்டுக்குள் இருந்து ஸ்பீக்கரில், "குழந்தை கண்ணைக் கையால மறைச்சுக்கோங்க, ஊசியைப் பார்க்கக்கூடாது" என்று உத்தரவு வந்தது.

பத்தர் கையில் வெள்ளைக் கல்லோடு தயங்கினார். "ஏம்மா, ஜோடி மாறுதே. அந்தப் பக்கம் சிவப்பு போட்டாச்சு. புண்ணு காதுல மாத்த முடியாது. இந்தப் பக்கமும் சிவப்பே போட்டுடவா?"

"மாறட்டும்" என்றாள் தேன்மொழி.

வலது காதில் வெள்ளைக் கல் ஏறியது. குழந்தை அலறிய அலறலோடு இன்னொரு சத்தமும் கேட்டது. அடையாறில் லிஃப்ட் கதவு திறந்தது. அங்கே இருந்தவர்கள் கைதட்டினார்கள், இங்கே நாங்கள் கைதட்டினோம். யார் எதற்குத் தட்டினார்கள் என்று இன்றைக்கும் தெரியாது.

பந்தியில் டில்லியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். கார்த்தி வேலை பார்க்கிற தி. நகர் கட்டடத்து லிஃப்டைப் பராமரிப்பவர் அவர்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நீயா சொன்னே?"

"பின்ன இன்னா சார். அவன் கடைக்கே போய்ச் சொல்ட்டேன். நைனா, உங்க அக்கா கொயந்தைக்குக் காது குத்துறாங்கோ. நீ வந்தா வா, வர்லன்னா நான் கீறேன். அப்பால பொலம்பாதன்னு."

"அவனை வரச் சொல்லிவிட்டு நீ எதுக்கு ஜிமிக்கியோட வந்தே?"

"அவன் வர்லன்னா?" என்றார் டில்லி, வடையைப் பாயசத்தில் தோய்த்தபடி.

பஸ்ஸில் ஒரு கேள்வி

யாழினியின் காதுகள் ஆறிவிட்டன. அடையாறு அக்கா அதற்குப் பிறகு இரண்டு முறை ஆபீஸுக்குப் போன் செய்துவிட்டார். லிஃப்ட் நன்றாகத்தான் ஓடுகிறதாம். காது எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் கூப்பிட்டாராம்.

கம்மலை ஜோடியாக மாற்றச் சொல்லி எல்லோரும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். தேன்மொழி மாற்றவில்லை. இடது காதில் சிவப்பு, வலது காதில் வெள்ளை. மீதி இரண்டும் அவள் பீரோவில் இருக்கின்றன. டில்லியின் ஜிமிக்கியும் என் கம்மலும்கூட அங்கேதான் காத்திருக்கின்றன.

போன வாரம் நானும் அவளும் தி. நகருக்குப் பஸ்ஸில் போனோம். அவளுடைய அம்மா கார்த்தியின் கடைக்கு வந்து பேத்தியைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அப்பா இன்னும் அசையவில்லை. அசைவார் என்று தேன்மொழி நம்புகிறாள். தைரியத்துக்கு என்னையும் வரச் சொன்னாள். நானும் இந்த முறை கம்ப்யூட்டரைப் பார்க்காமல் சரி என்று சொல்லிவிட்டேன்.

பஸ்ஸில் கூட்டம். எனக்கு மட்டும் ஒரு இடம் கிடைத்தது. குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்து சீட்டில் பூக்கூடையோடு இருந்த ஒரு அம்மா குழந்தையின் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, கம்மல் மாறிப் போட்டுட்டியே. பாக்கலியா?"

"மாறலக்கா" என்றாள் தேன்மொழி, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடியபடி. "இது என் தம்பி போட்டது. அது எங்க ஆபீஸ் போட்டது."

அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. குழந்தை என் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா என் நரைத்த தலையைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார்.

"நீங்க பாப்பாவுக்கு என்னா வேணும்? தாத்தாவா?"

"தாய்மாமன்" என்றேன். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகவே சொன்னேன்.